கண்ணாடியை இறக்காத அனியெல்லோ

என் தம்பி அனியெல்லோவின் காரில் ஏறுவதென்றால் முதலில் தோட்டைக் கழற்ற வேண்டும். கதவைத் திறந்து உட்கார்ந்ததுமே ஒரு மிட்டாய் டப்பாவை நீட்டுவான். தோடு, சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாம் அதற்குள் போய்விட வேண்டும். மாதா கோயில் பூசையில் காணிக்கைத் தட்டு வருகிற மாதிரி வரும் அந்த டப்பா. பிறகு அது அவன் சீட்டுக்கு அடியில் போகும், அதன் மேல் ஒரு அழுக்குத் துணி விழும். நான்கு கதவுகளும் பூட்டப்படும். கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. காலடியில் வைத்து, அதன் வாரை சீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பியில் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவன் சாவியைத் திருப்புவான். அதற்குள் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்க் காய்கறி வாங்கி வந்திருக்கலாம்.

ஜன்னல் கண்ணாடி இரண்டு விரல் அளவுதான் இறங்கும். அதற்கு மேல் இறங்கி நான் பார்த்ததில்லை. பெட்ரோல் போடுகிறவனோடு அந்த இடுக்கு வழியாகத்தான் பேசுவான். ஆகஸ்ட் மாதத்து நேப்பிள்ஸ் வெயிலில் அந்தக் காரிலிருந்து இறங்குகிறவர்கள் வேகவைத்த ஆக்டோபஸ் போல இருப்பார்கள். ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் ஜன்னலைத் தட்டி, "தம்பி, ஒரு பக்கம் லைட் எரியல" என்று சொல்லிப் பார்த்தார். அனியெல்லோ சீருடையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "தையல் சரியில்லை" என்று என்னிடம் முணுமுணுத்து வண்டியை எடுத்துவிட்டான். அபராதம் வந்த பிறகும் அவர் நிஜப் போலீஸ் என்று அவன் முழுதாக நம்பவில்லை.

இந்தப் பைத்தியம் பிறக்கும்போதே பிடித்ததில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயதில், புதிதாக வாங்கிய பழைய காரில், சிக்னலில் நின்றுகொண்டிருந்தான். ஸ்கூட்டரில் இரண்டு பேர் பக்கத்தில் வந்து, "மணி என்ன தம்பி?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் மரியாதையாக வளர்ந்த பிள்ளை. கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மணியைக் காட்டினான். அவர்கள் மணியோடு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது எங்கள் அப்பாவின் கடிகாரம். எங்கள் ஊர்க் காரில் ஓட்டுகிறவனுக்கு ஜன்னல் இடப்பக்கம்; அன்றிலிருந்து அவன் வலது கையில்தான் கடிகாரம் கட்டுகிறான், யார் மணி கேட்டாலும் தெரியாது என்கிறான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவனுக்கு. பொறுமையானவன், சுத்தமானவன், பார்ப்பதற்கும் மோசமில்லை. கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குக்கூட கண்ணாடியோடு சேர்த்து கார் பாடமும் கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அந்தப் பாடம் மனப்பாடம்.

"யாராவது ஹாரன் அடிச்சி, ஒங்க வண்டியக் காட்டி சைகை பண்ணினா நிக்காதீங்க. டயர்ல காத்து போச்சும்பான், பொக வருதும்பான். எல்லாம் எறங்க வைக்கிறதுக்குத்தான். கண்ணாடிய ஏத்திட்டு போயிட்டே இருங்க. கூடப்பொறந்தவனே கூப்பிட்டாலும் நிக்காதீங்க."

இதை மற்றவர்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். எங்கள் தாய்மாமா சோஸியோ மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

ரேடியோவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அனியெல்லோவைப் பற்றிச் சொன்னதாகாது. எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் காருக்குள் ரேடியோவை விட்டுவிட்டுப் போகிற ஆண்பிள்ளை கிடையாது. விட்டால் ரேடியோவும் போகும், கண்ணாடியும் உடையும். அதனால் இழுத்தால் கையோடு வருகிற மாதிரி, கைப்பிடி வைத்த ரேடியோ வந்தது. முடிவெட்டப் போனாலும் கக்கத்தில் ரேடியோ, பூசைக்குப் போனாலும் கக்கத்தில் ரேடியோ. எங்கள் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் மூன்று பேர் தூக்குவதற்கு முன் தங்கள் ரேடியோக்களை என்னிடம்தான் கொடுத்தார்கள். இரண்டு கையிலும் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதில் எனக்குக் கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லாமல் போயிற்று. அனியெல்லோ தன்னுடையதைக் கொடுக்கவில்லை. ஒரு தோளில் அப்பா, இன்னொரு கையில் ரேடியோ.

இப்படிப்பட்டவனை எர்சீலியா எட்டு வருடமாகக் காதலித்தாள். நான் சொல்வதை நம்ப வேண்டும். கடற்கரையோரம் போகிற சின்ன ரயில் பாதையில் டிக்கெட் கொடுக்கிற கவுண்டரில் அவளுக்கு வேலை. சத்தமாகச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும். முப்பத்தாறு வயது. எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் தோட்டைக் கழற்றி மிட்டாய் டப்பாவில் போட்டு, வேர்த்து வடிந்துகொண்டு அவனோடு சுற்றினாள். அவன் கல்யாணம் என்ற பேச்சை எடுக்கவே இல்லை.

அந்த மே மாதம், என் மகள் இமா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எர்சீலியா என் அடுப்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"அக்கா, வடக்க டூரின்ல எங்க அண்ணன் எனக்கு ஒரு வேல பாத்துருக்கான். திங்கக்கெழம காலைல போன் பண்ணி வரேனா வரலியான்னு சொல்லணும். ஞாயித்துக்கெழம வரைக்கும் ஒங்க தம்பிக்கு வாய் இருக்கு. அதுக்கப்புறம் எனக்குக் காது இருக்காது."

"அவன்கிட்ட சொன்னியாடி?"

"நா எதுக்குச் சொல்லணும்? நா சொல்லி அவன் கேட்டா, அது நா கேட்ட மாதிரி."

உரித்த பட்டாணியை விட்டுவிட்டுத் தோலைச் சட்டியில் போட்டாள். அவள் அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அன்று மாலையே அவன் கடைக்குப் போய், வாடிக்கையாளர் முன்னாலேயே அவனைப் பிடித்து உலுக்கினேன். பின்னறைக்கு இழுத்துப் போனான்.

"அவமேல ஆச இருக்கா இல்லியாடா?"

"இருக்குக்கா. அதனாலதான்."

"அதனாலதான்னா?"

லென்ஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டே நின்றான். "கையில இருந்தாத்தானேக்கா பறிப்பாங்க" என்றான் மெதுவாக.

அறையலாம் என்று போன கை அப்படியே நின்றுவிட்டது. ஆனாலும் விஷயத்தைச் சொன்னேன். டூரின், திங்கட்கிழமை, அண்ணன், எல்லாம். முகம் வெளுத்துப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் கேட்ட முதல் கேள்வி இது:

"நகக்கடத் தெருவுலேருந்து மோதிரத்த எப்புடிக்கா வீட்டுக்குக் கொண்டு வர்றது?"

அவள் சம்மதிப்பாளா, என்ன சொல்லிக் கேட்பது, எங்கே கேட்பது, அதெல்லாம் அவனுக்குப் பிரச்சினை இல்லை. மோதிரத்தை காரில் எங்கே வைப்பது என்பதுதான் வாரம் முழுக்க அவனை அரித்தது. ஷூவுக்குள் வைத்து நடந்து பார்த்தான், நொண்டினான். வாய்க்குள் வைத்தால் சிக்னலில் தும்மல் வந்து விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்று என்னிடம் போனில் கேட்டான். சனிக்கிழமை மாலை மறுபடி போன் வந்தது. குரலில் கொண்டாட்டம். "எடம் கெடச்சிருச்சுக்கா. எந்தத் திருடனுக்கும் தோணாது." எங்கே என்று கேட்டதற்கு, போனில் சொல்லக் கூடாது என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. இமா வெள்ளை உடுப்பில் புதுநன்மை வாங்கிவிட்டு வந்தாள். வீட்டில் முப்பது பேருக்குச் சாப்பாடு. குளிர்காலமானால் என் படுக்கையில் கோட்டுகள் குவியும், மே மாதத்தில் வெறும் ரேடியோக்கள். வருகிற ஒவ்வொருவரும் இமாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு நேரே படுக்கையறைக்குப் போய் ரேடியோவை வைத்துவிட்டு வந்தார்கள். என் கல்யாணத்துக்கு வந்த சரிகைப் போர்வை அடியில் இருந்தது கண்ணுக்கே தெரியவில்லை.

அனியெல்லோ மட்டும் வைக்கவில்லை. மடியில் ரேடியோவோடு பாஸ்தா சாப்பிட்டான். மடியில் ரேடியோவோடு மீன் சாப்பிட்டான். பக்கத்தில் பச்சைச் சட்டையில் எர்சீலியா. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"பால் குடுத்தியா அதுக்கு?"

மேஜை முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான், ஆனால் கையை எடுக்கவில்லை. எர்சீலியா சிரிக்கவில்லை என்பதை நான் பார்த்தேன்.

கேக் வெட்டுவதற்கு முன் போட்டோ எடுப்பவர் எல்லோரையும் சுவரோரம் நிறுத்தினார். "சார், அந்தப் பொட்டிய கொஞ்சம் கீழ வைங்க. புள்ளைக்கிப் புதுநன்மையா, ரேடியோ வெளம்பரமா?" அனியெல்லோ விழித்தான். என் புருஷன் கத்தெல்லோவுக்குப் பொறுமை கிடையாது.

"குடு மச்சான் இங்க. என் படுக்கையிலேருந்து எவன் எடுத்துருவான்?"

பிடுங்கிக்கொண்டு போய் மற்ற ரேடியோக்களோடு போட்டுவிட்டு வந்தார். அந்தப் போட்டோ இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இருபத்தொன்பது பேர் கேமராவைப் பார்க்கிறார்கள், ஒருவன் படுக்கையறைக் கதவைப் பார்க்கிறான்.

போட்டோவுக்குப் பிறகு கேக், கேக்குக்குப் பிறகு காப்பி, அதற்குப் பிறகு பேச்சு. நடுவில் எழுந்து போய்ப் பார்த்தால் எர்சீலியாவின் வாய்க்கு மறுபடி அவல் கிடைக்கும் என்று பயந்து உட்கார்ந்திருந்தான் போல. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவன் எழுந்து, "வா, பொசிலிப்போ பக்கம் ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று அவளைக் கூப்பிட்டபோது, எர்சீலியா கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சரிசெய்துகொண்டாள். அங்கே மலைமேல், கடலைப் பார்த்து, காதலர்கள் கார்களை நிறுத்தி ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எதற்குக் கூப்பிடுகிறான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

படுக்கையில் மூன்று ரேடியோக்கள் மீதி இருந்தன. தன்னுடையதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கியவன், இரண்டாவது மாடியில் நின்று, கேசட் போடுகிற வாய்க்குள் விரலை விட்டான். நான் அவர்களை வழியனுப்ப இரண்டு படி பின்னால் வந்துகொண்டிருந்தேன். எர்சீலியா கீழே போய்விட்டாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

"அக்கா. இது என்னுது இல்ல."

"அதே மாதிரிதானடா இருக்கு."

"அதே கம்பெனிதான். ஆனா உள்ள கேசட்டு இருக்கு." ரேடியோவை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "என்னுதுக்குள்ள பஞ்சு சுத்தி மோதிரம் வச்சிருந்தேன்."

கேசட்டை வெளியே இழுத்தோம். ஒட்டியிருந்த சீட்டில் கோணல் எழுத்தில் 'ஆண் சிட்டு, காலைப் பாட்டு' என்று இருந்தது. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. சோஸியோ மாமா கூண்டுகளில் முகம் சிவந்த பாட்டுச் சிட்டுகள் வளர்க்கிறவர். நல்ல சிட்டின் பாட்டைப் பதிவு செய்து மற்றச் சிட்டுகளுக்குப் போட்டுக் காட்டிப் பாடம் நடத்துவார். பொத்சுவோலி ஊரைத் தாண்டி வீடு. கூண்டை மூடுகிற நேரமாயிற்று என்று சற்று முன்புதான் கிளம்பிப் போனார்.

"வீட்டுக்குப் போனதும் அவரு வேற கேசட்ட உள்ள திணிப்பாருக்கா."

"அப்ப ஓடுடா. நானும் வரேன்."

நான் எதற்குப் போனேன் என்று கேட்டால், அவர்கள் இருவரையும் தனியாக விட எனக்குத் தைரியம் வரவில்லை. பின் சீட்டில் ஏறினேன். தோட்டைக் கழற்றினேன். இந்த நிலையிலும் டப்பாவை நீட்டினான்.

"ரேடியோ மாறிப்போச்சு, எர்சீலியா. சோஸியோ மாமாவப் புடிச்சி மாத்திக்கிட்டு, அப்புறம் போலாம்" என்றான்.

"நாளைக்கி மாத்தக் கூடாதா?"

"கூடாது."

"சரி" என்றாள் எர்சீலியா. அவ்வளவு சிறிய வார்த்தையில் அவ்வளவு குளிரை நான் கேட்டதில்லை.

மாமாவின் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது, சீட்டில் வைக்கவும் அவன் மனம் ஒப்பவில்லை. கேசட்டை மறுபடி அதற்குள் தள்ளி, டேஷ்போர்டில் சொருகினான். சொருகியதும் சிட்டு பாட ஆரம்பித்துவிட்டது. மாமாவுக்குக் காது மந்தம், அதனால் சத்தம் உச்சத்தில். நிறுத்துகிற பொத்தான் உடைந்திருந்தது. நான்கு கண்ணாடியும் ஏற்றிய காருக்குள், மே மாதப் புழுக்கத்தில், ஒரு ஆண் சிட்டு காது கிழியப் பெண் கேட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன். முன்னால் எர்சீலியாவின் கழுத்து சிவந்துகொண்டே போயிற்று.

ஏரிக்கரைச் சாலையில் மாமாவின் வெள்ளைக் காரைப் பார்த்தோம். ஜன்னல் முழுக்கத் திறந்து, முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். அனியெல்லோ ஹாரன் அடித்தான். பக்கத்தில் போய், ரேடியோவைச் சுட்டிக்காட்டி, நிறுத்துங்கள் என்று கை காட்டினான்.

மாமா ஓரக்கண்ணால் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கண்ணாடி போடுவதில்லை, மூக்கில் தடம் விழுகிறதாம். அவர் கண்ணில் பட்டது, ஹாரன் அடித்து, வண்டியைக் காட்டிச் சைகை செய்கிற ஒரு கார். உடனே முழங்கை உள்ளே போயிற்று. கண்ணாடி ஏறியது. பூட்டு அழுத்தப்பட்டது. எழுபது வயது மனிதர் ஆக்ஸிலேட்டரை மிதித்த மிதியில் அந்தப் பெட்டிக் கார் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பறந்தது.

"நல்லாப் பாடம் சொல்லிக் குடுத்திருக்கடா" என்றேன்.

வளைவுகளில் துரத்தினோம். அவன் ஹாரன் அடிக்க அடிக்க மாமாவின் வேகம் கூடியது. மீன் கடைக்காரன் ஒருவன் எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். சிட்டு ஒரு பாட்டை முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்ததைத் தொடங்கியது. கடைசியில் எர்சீலியாவின் ரயில்தான் எங்களைக் காப்பாற்றியது. பொத்சுவோலிக்குள் நுழைகிற இடத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மாமாவுக்கு வழியில்லை, நின்றார். நாங்கள் நடைபாதையில் ஏறி அவருக்கு வலப்பக்கம் போய் நின்றோம். நடைபாதையில் வண்டியை ஏற்றுவது எங்கள் ஊரில் பெரிய விஷயம் இல்லை. பின்னாலும் சந்து பொந்துகளிலும் ஸ்கூட்டர்கள் வந்து அடைந்தன.

மாமா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவை உருவி எடுத்து இரண்டு தொடைகளுக்கு நடுவே இடுக்கியிருந்தார். உதடுகள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தன.

அனியெல்லோ இரண்டு விரல் இடுக்கு வழியாகக் கூப்பிட்டான். "மாமா. நான்தான்." காது மந்தம், கண்ணாடி ஏற்றியிருக்கிறது, எப்படிக் கேட்கும்?

எர்சீலியா முன்னால் பார்த்தபடியே பேசினாள். "அனியெல்லோ. ரயில் போனதும் என்ன இந்த ஸ்டேஷன்லயே எறக்கி விட்டுரு. எனக்குப் பாஸ் இருக்கு. நீயும் ரேடியோவும் நல்லாருங்க."

உள்ளதைச் சொல்லிவிட நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அனியெல்லோ ஜன்னலின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தான். இத்தனை வருடம் இறங்காத கண்ணாடி. கால்வாசியில் சிக்கியது. உள்ளங்கையால் குத்தினான், அரைவாசிக்கு வந்தது. மறுபடி குத்தினான். முழுக்க இறங்கியது. கடற்காற்று சட்டென்று உள்ளே வந்தது. தலை, தோள், இரண்டு கைகள் எல்லாவற்றையும் வெளியே போட்டு, ஊரே கேட்கிற மாதிரி கத்தினான்.

"மாமா, அந்த ரேடியோக்குள்ள மோதிரம் இருக்கு. தங்க மோதிரம். கல்லு வச்சது. எர்சீலியாவுக்கு வாங்கினது."

ஸ்கூட்டர்களின் என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. தங்கம் என்ற சொல்லை நாங்கள் வீட்டுக்குள்கூட மெதுவாகத்தான் சொல்வோம். இவன் நடுரோட்டில், திறந்த ஜன்னலில், அது எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து அறிவித்துவிட்டான். எர்சீலியா மெல்லத் திரும்பி அவன் முதுகைப் பார்த்தாள். அவன் முகம் அப்போது வெளியே இருந்தது.

மாமாவின் கண்ணாடி இரண்டு விரல் இறங்கியது.

"எந்த எர்சீலியா?"

"ஒங்களுக்கு எத்தன எர்சீலியாவத் தெரியும்?" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன்.

அனியெல்லோ கதவைத் திறந்து குதித்தான். எர்சீலியா அந்தப் பக்கம் இறங்கினாள். நானும் இறங்கினேன். சாலையில் நின்ற அத்தனை பேரும் மாமாவின் காரைச் சுற்றிக்கொண்டார்கள்.

"கேசட்டு போகல, மாப்ள" என்றார் மாமா குற்றவாளி போல. "ஏதோ அடச்சிக்கிட்டு இருந்துச்சு. சீப்பால குத்தி உள்ள தள்ளினேன்."

அனியெல்லோ ரேடியோவைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினான். உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்டது, வெளியே ஒன்றும் வரவில்லை. மனைவியும் குழந்தையும் கேக் பெட்டியும் ஏற்றிய ஸ்கூட்டரிலிருந்து நாற்பது வயது ஆள் ஒருவன் இறங்கி வந்தான்.

"தள்ளுங்க. இப்புடி ஆட்டினா வராது."

பின்பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்தான். ஏசுவே என்று சொல்லி முடிப்பதற்குள் ரேடியோவின் மூடி கையோடு வந்துவிட்டது. இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று யாரும் கேட்கவில்லை. அவன் மனைவி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு வந்தது, பஞ்சின் பின்னாலேயே மோதிரம் வந்து காரின் பானெட்டில் உருண்டது. நான் கையை விரித்து அமுக்கிப் பிடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். ரயில் போயிற்று, கேட் திறந்தது, யாரும் நகரவில்லை.

மோதிரத்தை அனியெல்லோவின் உள்ளங்கையில் வைத்தேன். அப்போதுதான் சிட்டின் பாட்டு விலகிப் போவது காதில் பட்டது.

திரும்பினேன். எங்கள் கார் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. என்ஜின் ஓட, கதவுகள் விரிய விட்டுவிட்டு வந்த கார். ஒரு கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. திறந்த ஜன்னலில் யாருடையதோ ஒரு முழங்கை சொகுசாகச் சாய்ந்திருந்தது. என் கைப்பை, எர்சீலியாவின் கைப்பை, எங்கள் தோடுகள் இருந்த டப்பா, எல்லாம் அதற்குள். அந்தக் கார் பிறகு கிடைக்கவே இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"டேய், காரு போவுதுடா."

"என் சிட்டு" என்று அலறினார் மாமா. "பத்து வருசப் பாட்டு."

"ஏறுங்க அண்ணே, தொரத்திரலாம்" என்று இரண்டு ஸ்கூட்டர்கள் ஒரே நேரத்தில் உறுமின. திருப்புளிக்காரன்கூட, "அந்தச் சந்துலதான் திரும்புவான், எனக்குத் தெரியும்" என்றான்.

அனியெல்லோ திரும்பவில்லை. எர்சீலியாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எர்சீலியா. டூரின் போகாத."

"அனியெல்லோ, ஒன் காரு போவுது."

"தெரியும். சத்தம் கேக்குது. நான் இப்ப ஒன்கூட பேசிக்கிட்டு இருக்கேன்." உள்ளங்கையில் இருந்த மோதிரத்தை நீட்டினான். "எட்டு வருசமா கேக்கப் பயந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. என்னக் கட்டிக்கிறியா?"

எர்சீலியா அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு தேய்ந்து தேய்ந்து வளைவில் மறைந்தது. அதுவரை அவன் ஒருமுறையாவது தலையைத் திருப்புகிறானா என்று அவள் பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. என் பையில் வீட்டுச் சாவி இருந்தது, அது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. திரும்பிவிடாதே, திரும்பிவிடாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் திரும்பவில்லை.

"போயிருச்சு" என்றாள் அவள்.

"போவட்டும். நீ சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிளாட்பாரச் சிரிப்பு. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வழிந்தது. இடது கையை நீட்டினாள்.

"போடு. எவனாவது பறிக்கிறதுக்குள்ள சீக்கிரம் போடு."

போட்டான். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் அப்போதுதான் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.